கரையொதுங்கும் பறவைகளும் நம் கடமையும்

குடந்தையை அடுத்த சத்திமுற்றத்துப் புலவர் நாரையைத் தூது விடுத்ததைத் தமிழ் மாணவர் அறிவர். காவிரிப் படுகையின் தென்கோடியாகிய கோடியக்கரைக்குப் பூநாரை, உள்ளான், ஆலா முதலிய பறவைகள் இன்றும் ஆண்டுதோறும் வலசை வருகின்றன. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அவ்விடம், 2002இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்பறவைகளுள் ஒன்று நோயுற்றோ இறந்தோ கரையிற் கிடப்பின் நாம் செய்யத்தக்கது யாது?

பறவைகள் வீழ்வதற்குக் காரணம் ஒன்றன்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலில் கோடியக்கரையின் பறவைகளும் மான்களும் மடிந்தன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. எண்ணெய் தோய்ந்த இறகு நீரைத் தடுக்காது, உடற்சூட்டையும் காக்காது, அலகால் கோதும் பறவை அந்நஞ்சையே விழுங்கும். 2021 தொடக்கத்தில் இமாசலப் பிரதேசத்துப் பொங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறந்தமைக்கு எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சலே காரணமாயிற்று.

இவற்றுள் எது காரணம் என்பதை வெறுங்கண்ணால் அறிதல் அரிது. ஆதலின் இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். நோயுற்ற பறவையைக் கடலுக்குள் விரட்டுதலும், வாயில் நீர் புகட்டுதலும், எண்ணெயைச் சோப்பிட்டுக் கழுவ முனைதலும் அதன் உயிரையே போக்கக்கூடும். நாய்களையும் சிறுவரையும் விலக்கி, எட்ட நின்று, வனத்துறைக்குத் தெரிவித்தலே நல்லுதவி. இறந்த பறவையை வெறுங்கையால் தொடலாகாது. உணவுக்கென எடுத்துச் செல்லவே கூடாது. தொட நேர்ந்தால் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடப்பின், கால்நடை மருத்துவருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். நம் ஊர்களின் வாத்துக்கும் கோழிக்கும் அந்நோய் பரவுமாயின், அவற்றை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களின் பிழைப்பே கெடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகின்றனர். இறந்த பறவையின் காலில் வளையம் இருப்பின், அதைக் கழற்றாது, எண்ணையும் இடத்தையும் நாளையும் குறித்து, இயலுமாயின் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புதல் வேண்டும். அப்பறவை எங்கு வளையமிடப்பட்டது, எத்துணைக் காலம் வாழ்ந்தது என்பன அவ்வெண்ணால் புலனாகும்.

தூது சென்ற பறவை வழியில் இறப்பினும் அது சுமந்த செய்தி இறவாதிருத்தல் வேண்டும். அதனை உரியோரிடம் சேர்ப்பித்தல் கரையில் வாழும் நம் கடமையாகும்.