எட்டு எக்ஸ் நல்லதா, நாலு எக்ஸ் நல்லதா?

ஒளியின் தன்மையை நடத்தும்போது ஒரு பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கட்டாயம் கேட்பான்: "சார், ஸ்கோப்புலயும் இதே கண்ணாடிதானே? எட்டு எக்ஸ்தானே சார் பெஸ்ட்டு?" பப்ஜி விளையாட்டில் இரண்டு எக்ஸ், நான்கு எக்ஸ், எட்டு எக்ஸ் என்று ஸ்கோப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்த பாடம் அது. தோட்டத்துப் பள்ளியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவன் சும்மா இருக்கமாட்டான். "எங்க மாமா பன்னி வேட்டைக்குப் போவாரு சார்."

துப்பாக்கிப் பேச்சு வகுப்பில் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒளிப்பாடம் இருக்கிறது, வகுத்தல் கணக்கு இருக்கிறது, நம் பிள்ளைகளின் அப்பா அம்மா உயிரும் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் ஜெலுபு, ஜெம்போல் பக்கம் காட்டை ஒட்டிய தோட்டங்களில், விடியும் முன்னே நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே இருட்டில் பன்றிக்குக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்தி நம் நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே கேள்வியைத் தள்ளிவிடாமல் நேராகவே பதில் சொல்லலாம்.

ஸ்கோப் என்பது துப்பாக்கிமேல் படுக்கவைத்த சிறு தொலைநோக்கி. முன்னால் இருக்கும் பெரிய குவிவில்லை வெளிச்சத்தை வாங்கித் தலைகீழான பிம்பம் ஒன்றைக் குழலுக்குள் உண்டாக்கும். நடுவில் இருக்கும் வில்லைகள் அதை நிமிர்த்தும். கண்பக்க வில்லை அதைப் பெரிதாக்கிக் காட்டும். பிம்பம் விழும் இடத்தில் குறுக்குக்கோடு ஒன்றை வைத்துவிட்டால், இலக்கும் கோடும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். சாதாரணத் துப்பாக்கியில் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்றையும் கண் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் ஏதாவது ஒன்று மங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கடையில் ஸ்கோப்பின் மேல் 3-9×40 என்று எழுதியிருக்கும். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பையன் உடனே சொல்வான், "அப்போ ஒன்பதுல வச்சிட வேண்டியதுதானே!" இங்கேதான் அவனை நிறுத்தவேண்டும்.

பெரிய விலங்கு வேட்டைக்கு ஸ்கோப் தேர்ந்தெடுப்பவர்கள் பெரிய எண்ணைத் தேடுவதில்லை, சிறிய எண்ணைத்தான் தேடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் எருமை, யானை வேட்டைக்குப் போகிறவர்களும், ஐரோப்பாவில் ஆட்களை வைத்துக் காட்டுப்பன்றியை விரட்டிச் சுடுகிறவர்களும் 1-4×24, 1-6×24 போன்ற ஸ்கோப்புகளை வைத்திருப்பார்கள். ஒரு மடங்கு என்றால் பெரிதாக்குவதே இல்லை! இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, உள்ளது உள்ளபடி பார்க்கலாம். பெரிய விலங்கைச் சுடுவது பெரும்பாலும் கிட்டத்தில் நடக்கும் காரியம். தூரத்து மலைச்சரிவில் நிற்கும் ஆட்டுக்குத்தான் ஒன்பதும் பன்னிரண்டும் வேண்டும்.

பழைய வேட்டைக்காரர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலியைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன், .405 வின்செஸ்டர் துப்பாக்கியின் இரும்புக் குறியோடுதான் போனார். இரவில் துப்பாக்கியோடு ஒரு டார்ச் லைட்டைப் பிணைத்துக்கொள்வார். புலி வரும் தூரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்கோப் வழியாக நம் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் எவ்வளவு? முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மில்லிமீட்டர். 40-ஐ 3-ஆல் வகுத்தால் 13.3. நம் கண்ணின் பாப்பா நல்ல வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கும். இருட்டில் இளைஞர்களுக்கு ஏறக்குறைய 7 வரை விரியும், வயதானவர்களுக்கு 5 அளவில் நின்றுவிடும். அப்படியென்றால் மங்கலான நேரத்தில் ஒன்பது மடங்கில் வைத்துப் பார்க்கிற இளைஞனின் கண் 7 மில்லிமீட்டர் விரிந்து காத்திருக்கிறது. ஸ்கோப் கொடுப்பதோ 4.4 மட்டும். படம் பெரிதாகும், கூடவே இருண்டும் போகும். ஜெர்மன்காரர்கள் அந்திநேர வேட்டைக்கு 8×56 வைத்துக்கொள்வது ஏன் என்று பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 7 வரும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும். அந்த ஸ்கோப்புக்கும் ஒரு விலை உண்டு: கனம், பார்வைப் பரப்பும் குறுகல்.

பார்வைப் பரப்புதான் தோட்டத்துக்கு முக்கியமான சங்கதி. சாதாரண 3-9 ஸ்கோப்பில், 100 மீட்டர் தூரத்தில் மூன்று மடங்கில் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும். ஒன்பது மடங்கில் சுமார் 4 மீட்டர்தான். இதைச் செம்பனைக் காட்டுக்குக் கொண்டு வாருங்கள். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். மட்டைகள் தொங்கும் இடத்தில் மூன்று நான்கு மரத்துக்கு அப்பால், அதாவது 30 மீட்டருக்கு மேல், ஒழுங்காகப் பார்ப்பதே கஷ்டம். அந்த 30 மீட்டரில் ஒன்பது மடங்கு ஸ்கோப் காட்டும் வட்டம் 1.2 மீட்டர். வளர்ந்த ஆண்பன்றி அதில் முழுசாக அடங்காது. தெரிவது கறுப்பு மயிர் கொஞ்சம், நிழல் கொஞ்சம். தலை எந்தப் பக்கம், பின்னால் யார் நிற்கிறார், பக்கத்து நிரையில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர் குனிந்திருக்கிறாரா, எதுவும் அந்த வட்டத்துக்குள் இல்லை.

மற்ற இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் இருக்கவேண்டிய தூரம். பெரிய விலங்குக்கான துப்பாக்கி பலமாகப் பின்னுக்கு உதைக்கும். அதனால் 9, 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் முழுப்படம் தெரிகிற ஸ்கோப் வேண்டும். இல்லாவிட்டால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மற்றொன்று ஈரம். குழலுக்குள் ஈரக்காற்று இருந்தால் உள்பக்கமே பனி பிடிக்கும். அமெரிக்காவில் மார்கஸ் லியூபோல்ட் என்பவர் இப்படிப் பனி பிடித்த ஸ்கோப்பால் ஒரு மானைத் தவறவிட்டாராம். அவருடைய நிறுவனம் 1947-இல் குழலுக்குள் நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. நம் ஊர் விடியற்காலை ஈரத்தில் மூக்குக்கண்ணாடியே மங்கிப்போகிறது. அடைக்காத ஸ்கோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, நம் நாட்டில் எந்தப் பெரிய விலங்கைச் சுடலாம்? புலி, யானை, செலாடாங் எல்லாம் முழுப் பாதுகாப்பில் இருக்கின்றன. தீபகற்பத்துக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2022-இல் அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு காலத்தில் இங்கே வேட்டை வேறு மாதிரி இருந்தது. தியோடர் ஹப்பேக், நெகிரி செம்பிலானும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களின் யானை, செலாடாங் வேட்டையைப் பற்றி 1905-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே மனிதர் 1930-களில் வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, இன்று தாமான் நெகாரா என்று நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் காட்டைக் காப்பாற்றப் பாடுபட்டார். இதையும் வகுப்பில் சொல்லலாம், நல்ல கதை.

இன்று தோட்டத்துக்காரனுக்கு மிச்சம் இருப்பது காட்டுப்பன்றி. இளம் செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும், உதிர்ந்த பழத்தையும் விடாது. அதன்மேல் கோபம் நியாயமானதுதான். அதற்கும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் போலீஸ் உரிமம் தனி. நம் வட்டாரத்தில் உரிமத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் ரைபிள் அல்ல, ஷாட்கன். மலாயில் செனாபாங் பாத்தா என்று சொல்லும் நடுவில் மடிகிற வகை. முப்பது நாற்பது மீட்டருக்குள் பயன்படும் அதற்கு ஒன்பது மடங்கு ஸ்கோப் என்பது மாட்டுவண்டிக்கு விமான இருக்கை.

ஸ்கோப்பைப் பற்றிப் பையன்கள் தவறாக நினைப்பதில் மிக ஆபத்தானது எண் அல்ல. "ஸ்கோப் வழியா பாத்தா என்னன்னு தெரிஞ்சிடும்ல சார்?" என்பதுதான். விளையாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள்: ஏதோ அசைகிறது, ஸ்கோப்பைத் திருப்பி யாரென்று பார்க்கிறார்கள். நிஜத்தில் ஸ்கோப்பைத் திருப்பினால் துப்பாக்கிக் குழலும் அங்கேதான் திரும்புகிறது. அங்கே நிற்பது பால் வெட்டுகிற அத்தையாக இருந்தால், யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே துப்பாக்கி அவரை நோக்கி நிற்கிறது. என்னவென்று பார்க்க பைனாகுலர். குறி வைக்க மட்டுமே ஸ்கோப். என்னவென்று முழுசாகத் தெரிந்தபிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வரவேண்டும். இப்போது வரும் வெப்பம் காட்டும் ஸ்கோப்புகளும் இதை மாற்றிவிடவில்லை. புதருக்குப் பின்னால் குனிந்திருக்கும் மனிதரும் அதில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரியக்கூடும்.

வகுப்பில் செய்ய இரண்டு காரியங்கள். பள்ளியில் பைனாகுலர் இருந்தால், கையை நீட்டி அதைத் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள் (சூரியன் பக்கம் திருப்பவே கூடாது). கண்பக்க வில்லையில் சின்ன ஒளிவட்டம் தெரியும். அடிக்கோலால் அளந்தால் 8×40-க்கு 5 மில்லிமீட்டர், 10×25-க்கு 2.5 வரும். முன்பே வகுத்த விடையோடு ஒப்பிடட்டும்.

அடுத்தது இன்னும் சுலபம். அட்டையைச் சுருட்டி 50 சென்டிமீட்டர் நீளக் குழல் இரண்டு செய்யுங்கள். ஒன்றின் முனையில் 2 சென்டிமீட்டர் துளையுள்ள அட்டை, இன்னொன்றில் 5.5 சென்டிமீட்டர் துளை. முதல் குழல் ஒன்பது மடங்கு ஸ்கோப்பின் பார்வைப் பரப்பு, இரண்டாவது மூன்று மடங்கு. குழல் எதையும் பெரிதாக்காது, பரப்பை மட்டும் காட்டும். திடலில் 30 மீட்டர் தள்ளி, செடிவேலிக்குப் பின்னால், பழம் பொறுக்குவதுபோல் ஒரு மாணவரைக் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் கறுப்புப் பை ஒன்று வையுங்கள். முதல் குழலால் பார்க்கிறவர் பத்து வினாடிக்குள் எது எது என்று சொல்லவேண்டும். பிறகு இரண்டாவது குழல். கடைசியில் குழல் இல்லாமல் வெறும் கண். எத்தனை பேர் எதில் தவறினார்கள் என்று பலகையில் எழுதிவிட்டு, எட்டு எக்ஸ் கேட்ட பையனிடமே அதைப் படிக்கக் கொடுங்கள்.