ஆப்பு இல்லாத ரம்பம்: வீட்டுப் பட்டறையில் மார்பிள் கட்டர்

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் போய், "பலகை அறுக்க ஒரு மெஷின் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் முதலில் எடுத்து வைப்பது 4 இஞ்ச் மார்பிள் கட்டராகத்தான் இருக்கும். கூடவே பல் வைத்த மர பிளேடு ஒன்று. "இது போதும் சார், கல்லு, டைல்ஸ், மரம் எல்லாத்தையும் அறுக்கும்" என்பார்கள். பொய் இல்லை, அறுக்கத்தான் செய்கிறது. தொழில்முறை ஆசாரிகளில் பலரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டு மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ பொழுதுபோக்காக மரவேலை செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆபத்தான கருவி கிடையாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கல்லுக்குச் செய்த மெஷின்

மார்பிள் கட்டரோடு வருகிற வைர பிளேடைத் தொட்டுப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்!). அதில் பல்லே இருக்காது. விளிம்பில் வைரத்தூள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அது கல்லை அறுப்பதில்லை, தேய்க்கிறது. கல்லும் வளையாது, நெளியாது, பிளேடை இறுக்கிப் பிடிக்காது. அதனால் மேல்பாதியை மூட ஒரு தகடு போதும் என்று அந்த மெஷினை வடிவமைத்தார்கள். கல்லுக்கு அது சரி.

அதே மெஷினில் 30 பல், 40 பல் வைத்த மர பிளேடை மாட்டினால் கதை வேறு. பல் என்பது கடிப்பதற்கு. மரமோ உயிருள்ள பொருளாக இருந்தது. உள்ளே இறுக்கம் உண்டு, கணு உண்டு, ஈரம் காய்ந்து திருகிய நார் உண்டு. பாதி அறுத்ததும் அறுத்த வெட்டு தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். பலகையின் இரண்டு முனைகளை மட்டும் தாங்கி நடுவில் அறுத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பலகை நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்விப் பிடிக்கும்.

கவ்வினால் என்ன ஆகும்? மரத்துக்குள் இருக்கும் பிளேடின் அடிப்பகுதி முன்னோக்கி ஓடுகிறது. மரம் அதைப் பிடித்து நிறுத்தினால், மோட்டாரின் மொத்த வேகமும் மெஷினைப் பின்னோக்கித் தள்ளும். பின்னால் இருப்பது நீங்கள். மெஷின் வெட்டிலிருந்து எகிறி உங்கள் தொடையையோ மறு கையையோ நோக்கி வரும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள்.

கொஞ்சம் கணக்கு

மார்பிள் கட்டர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று சுற்றும். வினாடிக்கு 200. பிளேடின் விட்டம் 110 மி.மீ., அப்படியென்றால் சுற்றளவு சுமார் 34.5 செ.மீ. பெருக்கினால் பல்லின் வேகம் வினாடிக்கு 69 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 250 கி.மீ. மரத்துக்கென்றே செய்த 7 இஞ்ச் சர்க்குலர் சா நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில்தான் ஓடும். அதன் பல் வேகம் மணிக்கு 175 கி.மீ. பக்கம். சின்ன பிளேடுதானே என்று நினைக்கிறோம், ஆனால் சின்னதுதான் வேகமாகப் போகிறது.

இன்னொரு கணக்கு. ஒரு விபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை விலக ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அதற்குள் பிளேடு 40 சுற்று சுற்றிவிடும். 30 பல் பிளேடு என்றால் 1,200 பல் கடந்து போயிருக்கும். "நான் கவனமா இருப்பேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதற்கு இந்த ஒரு எண் போதும். கவனம் 0.2 வினாடிக்கு அப்புறம்தான் வேலைக்கு வரும். அதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டியது மெஷினில் இருக்கும் காப்பு.

குரங்கும் ஆப்பும்

ஆப்பு பிடுங்கிய குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். பாதி பிளந்த மரத்தில் தச்சர் ஆப்பு வைத்துவிட்டுப் போவார், குரங்கு வந்து அதைப் பிடுங்கி மாட்டிக்கொள்ளும். நீதியை விடுங்கள், அந்தத் தச்சர் ஏன் ஆப்பு வைத்தார் என்று யோசித்ததுண்டா? அறுத்த வெட்டு மூடி ரம்பத்தைக் கவ்வாமல் இருக்கத்தான். மரம் மூடிக்கொள்ளும் என்பது நம் ஊர்த் தச்சர்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தெரிந்த விஷயம்.

நவீன மேசை ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னாலேயே நிற்கும் ஒரு தகடு உண்டு. ரிவிங் நைஃப் என்பார்கள். அது வேறொன்றும் இல்லை, அதே ஆப்புதான். நிரந்தரமாக மெஷினிலேயே பொருத்திவிட்டார்கள். கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவில் சில மாடல்களுக்கு இது உண்டு. எல்லா நல்ல மாடல்களிலும் ஸ்பிரிங் வைத்த கீழ்க் காப்பு இருக்கும். மரத்தை விட்டு வெளியே வந்ததும் பிளேடைத் தானாக மூடிவிடும். மார்பிள் கட்டரில் இரண்டும் கிடையாது.

இதைவிட மோசம், மார்பிள் கட்டரை பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, சுவிட்சை லாக் செய்து, "500 ரூபாயில் டேபிள் சா" என்று செய்வது. மேல் காப்பும் போய்விடும். அமெரிக்காவில் முறையாகத் தயாரித்த மேசை ரம்பங்களிலேயே ஆண்டுக்கு சுமார் 30,000 பேர் பிளேடு பட்டு சிகிச்சைக்குப் போகிறார்கள். ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் படித்த வழக்கறிஞர் சா-ஸ்டாப் என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார். விரல் பட்டதும் உடலின் மின் கடத்தலை உணர்ந்து 5 மில்லி வினாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். அந்த வசதி நம் பிளைவுட் மேசையில் வரப்போவதில்லை.

சிப்காட் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும்

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போட வேண்டும் என்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேக்டரிக்குள் காப்பில்லாத ரம்பம் ஓடினால் கேள்வி கேட்க ஆய்வாளர் உண்டு. அதே ரம்பம் பக்கத்துத் தெருவில் வீட்டு ஷெட்டில் ஓடினால் கேட்க ஆளில்லை. வீட்டுப் பட்டறையில் முதலாளி, தொழிலாளி, ஆய்வாளர் மூன்றும் நாமே.

அந்த ஃபேக்டரிகளிலிருந்து வெளியே வரும் மரமும் கவனிக்க வேண்டியது. இயந்திரங்கள் வந்த பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் மலிவாகக் கிடைக்கும். நல்ல மரம்தான். ஆனால் முதலில் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டு வேலைக்குத் தவிர்ப்பது நல்லது. அடுத்து, உடைந்து உள்ளே தங்கிய ஆணி. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் பிளேடு ஆணியைச் சந்தித்தால் பல் தெறிக்கும். ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

என்ன செய்யலாம்?

முடிந்தால் கூடுதலாகச் செலவழித்து, கீழ்க் காப்புள்ள சர்க்குலர் சா வாங்குங்கள். எந்த மெஷினாக இருந்தாலும் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. பலகையைக் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து பாதத்தால் பிடித்து அறுப்பது கை ரம்பத்துக்கான பழக்கம். கை நின்றால் கை ரம்பம் நின்றுவிடும், மோட்டார் நிற்காது. இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மெஷினை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

2. வெட்டுப்படும் துண்டு தானாக விலகி விழும்படி தாங்கு கொடுங்கள். வெட்டு நீளமானால் பின்னால் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகுங்கள். கிளாம்ப் போட்ட பலகைக்கு இது இரண்டு நிமிட வேலை.

3. பிளேடு பலகைக்குக் கீழே 3 முதல் 5 மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்கட்டும். பிளேடின் நேர் கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள்.

4. பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்ச சுற்று வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே கூடாது.

5. சுவிட்ச் லாக் பட்டனை மறந்துவிடுங்கள். நம் ஊரில் இது முக்கியம். அறுக்கும்போது கரண்ட் போகும், லாக் போட்ட மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம், கரண்ட் வந்ததும் அது தானாக ஓட ஆரம்பிக்கும். கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

6. பட்டறை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம்.

7. லுங்கி, தொங்கும் துணி, கையுறை மூன்றும் சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் ஆகாது. கண்ணாடி, ஷூ, காதுக்குக் காப்பு அவசியம். மாஸ்க்கும்தான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது.

அப்படியும் நடந்துவிட்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது. துண்டான கட்டைவிரலை ஜப்பானில் கோமாட்சுவும் தாமாயும் 1965-லேயே மீண்டும் ஒட்டிக் காட்டினார்கள். குளிர்ச்சியாக வைத்தால் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் கூடும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கி.மீ. வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அதை வளர்த்த டாக்டர் ஆர். வெங்கடசாமி, நுனி துண்டான விரலை மூடும் ஒரு அறுவை முறையை 1980-ல் வெளியிட்டார், உலகம் முழுக்கக் கை அறுவை மருத்துவர்கள் அதை அவர் பெயரால் அறிவார்கள். இத்தனை திறமை பக்கத்திலேயே இருப்பது பெரிய ஆறுதல். இருந்தாலும் ஒட்டிய விரல் பழைய விரல் ஆகாது. உணர்ச்சி குறையும், மடங்குவது குறையும்.

இந்த வார இறுதியில் பலகையைத் தொடுவதற்கு முன், உங்கள் மெஷினை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கீழ்க் காப்பு இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அதில் வைர பிளேடை மாட்டி, டைல்ஸ் அறுக்க வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு வேறு ரம்பம் வாங்கிக்கொள்ளலாம்.