கப்பலில் குமட்டுதா? போனைப் பையில் போடுங்க!

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கிடைத்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளப் படுக்கையாகக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. கடல் தெரியும் மேல்தள அறை ஆசை காட்டும், வயிறு ஒத்துக்கொள்ளாது!

உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது. போனையே பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், இரண்டும் சமாதானமாகும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி, ஒரு துண்டு இஞ்சி மரப்பா போதும்.

மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே இந்தத் தொல்லை உண்டு, அதனால் வெட்கப்படாதீர்கள். வாந்தி நிற்கவில்லையா? உப்பு-சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடித்தபடி கப்பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.