பசுமைக்குடில் வேளாண்மை

பசுமைக்குடில் வேளாண்மை என்பது ஒளி ஊடுருவும் நெகிழித் தாளால் மூடப்பட்ட கூடாரத்தினுள் காய்கறி, பழம், மலர் முதலியவற்றைப் பயிரிடும் முறை ஆகும். தமிழக உழவர்கள் இக்கூடாரத்தைப் பாலிஹவுஸ் என்றே பெரிதும் அழைக்கின்றனர். நெகிழித் தாளுக்கு மாற்றாக வலையைப் போர்த்தினால் அது நிழல்வலைக்குடில் எனப்படும். குளிர்நாடுகளில் வெப்பத்தைக் காக்கத் தோன்றிய இம்முறையைத் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்), ஒரகடம் போன்ற வெப்பச் சமவெளிகளில் அப்படியே பின்பற்ற இயலாது.

வரலாறு

1948இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமரி மையர்ஸ் எம்மர்ட், விலைமிகுந்த கண்ணாடிக்கு மாற்றாக நெகிழித் தாளைக் கொண்டு குடில் அமைத்தார். பின்னர் பாலித்தீன் தாள் மலிவாகக் கிடைத்ததால் இம்முறை உலகெங்கும் பரவியது. ஸ்பெயினின் அல்மெரியாப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 30,000 எக்டேர் நிலம் இவ்வாறு மூடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர்ப் பகுதியில் ரோசா, குடைமிளகாய் ஆகியவை குடில்களில் பெருமளவில் விளைகின்றன. இந்திய–இசுரேல் கூட்டுத்திட்டத்தின் கீழ் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிகளுக்கான மகத்துவ மையம் செயல்படுகிறது.

வெப்பம் சேரும் விதம்

குடிலுக்குள் நுழையும் வெயில் மண்ணையும் செடியையும் சூடாக்குகிறது. அவை அருகிலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. திறந்த வெளியில் இக்காற்று மேலெழுந்து விலகிவிடும். குடிலில் அதற்கு வழியில்லை. வெப்பக் கதிர்கள் சிறைப்படுவதே இதற்குக் காரணம் எனப் பள்ளி நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. ஆனால், காற்றோட்டம் தடைபடுவதே முதன்மைக் காரணம் என்பதை ஆர். டபிள்யூ. வுட் 1909இலேயே ஆய்வின் மூலம் சுட்டிக்காட்டினார். சாதாரண பாலித்தீன் தாள் வெப்பக் கதிர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும்; ஆயினும் குடில் சூடாகவே இருக்கும்.

எனவே வெப்பத்தைக் குறைக்க முதல் வழி திறப்புகளே. பக்கச் சுவர்களில் சுருட்டி உயர்த்தும் திரைகளும், கூரை உச்சியில் காற்றுப்போக்கியும் அமைக்கப்படுகின்றன. பூச்சிகளைத் தடுக்கத் திறப்புகளில் வலை கட்டுவர். வலையின் கண்கள் நுண்ணியதாக ஆக, காற்று குறையும். இம்முரண்பாட்டுக்கு முழுத் தீர்வு இல்லை. விசிறியும் ஈரத்திரையும் பொருத்தி, நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதும் உண்டு; ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் நீர் குறைவாகவே ஆவியாகும். கடற்கரைக்கு அருகிலுள்ள ஊர்களில் ஈரம் மிகுந்த நாட்களில் இதன் பயன் குறைந்துவிடும்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதி

இங்கு மே மாதத்தில் வெப்பநிலை 40 பாகையை எட்டுவதுண்டு. தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றில் பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். செடி தழைத்து நிற்கும், காய் இராது. ஓசூரில் வெற்றிபெற்ற குடிலைப் பார்த்து இங்கு அவ்வாறே கட்ட எண்ணுபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. இவை போன்ற ஆலைகளின் வரவால் விளைநிலம் சுருங்கியது. கூலியாட்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. எஞ்சிய சிறு நிலத்தில் மிகு வருவாய் தரும் என்பதால் குடில் கவர்ச்சியாகத் தோன்றுகிறது. அரசின் தோட்டக்கலைத் திட்டங்களில் நிர்ணயித்த செலவில் 50 விழுக்காடு வரை மானியம் வழங்கப்படுகிறது. மீதி பெரும்பாலும் கடன்தான். புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாளும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் நைந்துவிடும். அதை மாற்றும் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

புயலும் இங்கு பொருட்படுத்த வேண்டியதே. 2016 திசம்பர் 12 அன்று சென்னை அருகே கரைகடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் தாளைக் கழற்றிச் சுருட்டும் வகையில் அமைத்தால் குழாய்ச் சட்டகமாவது தப்பும்.

ஆகவே இப்பகுதிக்கு நிழல்வலைக்குடிலும், மேலே மட்டும் தாள் போர்த்திப் பக்கங்களைத் திறந்துவிட்ட மழைமறைப்பும் ஏற்றவை. பின்னது கேரளத்தில் பரவலாக உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளித் தக்காளி அழுகும்போது மழைமறைப்பில் உள்ளது தப்பும். அப்போதுதான் கோயம்பேட்டில் விலையும் ஏறும். நிழல்வலையின் கீழ் குழித்தட்டுகளில் தென்னைநார்க் கழிவு நிரப்பி நாற்று வளர்ப்பது இன்னும் குறைந்த முதலீட்டில் இயலும்.

மகரந்தச் சேர்க்கையும் அறுவடையும்

வலைக்குள் தேனீ வராது. ஆதலால் மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் விதையிலா வெள்ளரி வகைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பாகல், முலாம்பழம் போன்றவற்றில் காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவ வேண்டும். தக்காளிக்குக் காற்றின் அசைவு போதாதபோது, கொடி கட்டிய கயிற்றை மெல்லத் தட்டிவிடுவர்.

வெள்ளரி நட்ட ஏறத்தாழ 40 நாட்களில் அறுவடைக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பறிக்க வேண்டும். முற்றிய காயைக் கொடியில் விட்டால் அடுத்த பிஞ்சுகள் வளர்வது தடைபடும். குடைமிளகாயைக் கையால் இழுத்தால் கிளை முறியும் என்பதால் காம்புடன் கத்தரித்தே எடுப்பர். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைத்தால் வாட்டம் குறையும்.

ஒரே பாத்தியில் ஒரே பயிரைத் தொடர்ந்து நட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். கூடாரத்தை எளிதில் இடம் மாற்ற முடியாததால், இடையில் செண்டுமல்லி பயிரிட்டோ, கோடையில் ஈரமண்ணை நெகிழித் தாளால் மூடி வெயிலில் சூடேற்றியோ இதைக் கட்டுப்படுத்துகின்றனர். பயிருக்கு ஆகாத அந்தக் கோடை வெயில், இவ்வேலைக்கு மட்டும் மிக ஏற்றது.