நீண்ட விமானப் பயணம்: இருக்கையில் இருந்தபடியே கால்களை அசைப்பது ஏன் அவசியம்?

பெங்களூருவுக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நேரடி விமானச் சேவையைத் தொடங்கியபோது, பயண நேரம் ஏறத்தாழ 17 மணி நேரமாக இருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தனது வான்வெளியை மூடியதை அடுத்து, தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் செல்லும் பல விமானங்கள் சுற்றுவழியில் பறக்க நேர்ந்து, பயண நேரம் மேலும் கூடியது. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் முதிய பெற்றோர் பலரும் இத்தகைய விமானங்களில்தான் பயணிக்கின்றனர்.

இதயம் அனுப்பும் இரத்தம் கால்களை எளிதில் சென்றடைந்துவிடும். அங்கிருந்து மேல்நோக்கித் திரும்புவதற்கோ கெண்டைக்கால் தசைகளின் உதவி தேவை. நடக்கும்போது இத்தசைகள் சுருங்கி, அவற்றினூடே செல்லும் ஆழ்சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளிலுள்ள வால்வுகள் இரத்தம் கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு இந்த விசை நின்றுவிடுகிறது. மடங்கிய முழங்காலும், தொடையை அழுத்தும் இருக்கை விளிம்பும் இரத்த ஓட்டத்தை மேலும் மந்தமாக்குகின்றன. தேங்கும் இரத்தம் சிலருக்கு ஆழ்சிரையில் உறைந்து கட்டியாகிறது. அது பெயர்ந்து நுரையீரல் இரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு ‘எகானமி வகுப்பு நோய்’ என்ற பெயர் வழக்கில் இருந்தாலும் அது பொருத்தமானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், லண்டன் பதுங்குமிடங்களில் கித்தான் நாற்காலிகளில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தவர்களிடையே இத்தகைய மரணங்கள் அதிகரித்ததைத் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் பதிவு செய்தார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் விமானத்தை மட்டும் குறைகூறவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால், அது ரயிலோ, பேருந்தோ, காரோ எதுவாயினும், இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்கிறது அந்த அறிக்கை. எனினும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே பாதிப்பு ஏற்படக்கூடும் என்பதால், அச்சம் கொள்ளத் தேவையில்லை.

நின்றுபோன தசை விசையை மீண்டும் இயக்குவதே இருக்கைப் பயிற்சிகளின் நோக்கம். முன்பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகால்களை இயன்றவரை உயர்த்த வேண்டும். பின்னர் குதிகாலை ஊன்றி விரல்களை மேல்நோக்கி இழுக்க வேண்டும். கெண்டைக்கால் இறுகித் தளர்வதை உணர முடிந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று பொருள். பாதத்தைச் சற்று உயர்த்திக் கணுக்காலை இருபுறமும் சுழற்றலாம். முழங்காலை ஒவ்வொன்றாக மார்பை நோக்கித் தூக்கிச் சில நொடிகள் பிடித்து இறக்கலாம். கழுத்தையும் தோள்களையும் சுழற்றுவது இறுக்கத்தைக் குறைக்கும். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுப்பதில் அதற்குப் பங்கில்லை. ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிட, மணிக்கு ஓரிரு முறை சில நிமிடங்கள் செய்வதே பயனுள்ளது.

முன்னிருக்கையின் அடியில் பெரிய பையைத் திணித்துவிட்டால் பாதத்தை நீட்டவும் இடமிருக்காது. நெடுநேரம் கால் மேல் கால் போட்டு அமர்வதும், தூக்க மாத்திரை விழுங்கி அசையாமல் உறங்குவதும் உகந்தவை அல்ல. அடுத்தவரை எழுப்பத் தயங்கி, கழிவறைக்குச் செல்ல நேருமே என்று தண்ணீரையே தவிர்க்கும் முதியோர் பலர். உண்மையில் அப்படி எழுந்து நடப்பதே கால்களுக்கு நல்லது. நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்பதிவின்போதே கேட்டுப் பெறுவது இந்தத் தயக்கத்தைப் போக்கும்.

எனினும் பயிற்சி மட்டுமே எல்லோருக்கும் போதாது. முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் புறப்படுமுன் மருத்துவரை அணுக வேண்டும். அழுத்தக் காலுறைகள் பயனளிப்பதற்கு வலுவான சான்று உள்ளது: காக்ரேன் அமைப்பு தொகுத்த சோதனைகளில், 2,637 பயணிகளில் 50 பேருக்கு அறிகுறியற்ற இரத்த உறைவு காணப்பட்டது, அவர்களில் மூவர் மட்டுமே காலுறை அணிந்திருந்தனர். ஆனால் கால் தமனிகளில் அடைப்புள்ளவர்களுக்கு இக்காலுறை தீங்கு செய்யக்கூடும் என்பதால், மருத்துவர் ஆலோசனையின்றி அணியக் கூடாது. பயணத்துக்கு முன் தாமாகவே ஆஸ்பிரின் விழுங்குவதையும் மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கவில்லை.

விமானம் தரையிறங்கியதும் அபாயம் நீங்கிவிடுவதில்லை. சில வாரங்கள் வரை அது தொடரலாம். இரு கால்களும் சற்று வீங்குவது பெரும்பாலும் இயல்பானது, ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, வெதுவெதுப்பு தோன்றினால் பயணக் களைப்பு என ஒதுக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் ஆகியவை ஏற்பட்டால் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கு, அண்மையில் நீண்ட பயணம் மேற்கொண்டதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது அவசியம்.