ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் உங்கள் கைவண்ணம்... வீட்டிலிருந்தே கற்றுக்கொடுக்கும் ஆன்லைன் பட்டறைகள்!

வெறும் அரை விநாடி தாமதம். உலகம் முழுக்க இருக்கும் லட்சக்கணக்கான சர்வர்களை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியது அதுதான் என்றால் நம்புவீர்களா?

2024-ம் ஆண்டு மார்ச் மாதம். மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர், ஒரு டேட்டாபேஸ் மென்பொருளின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் லாக்-இன் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. வேறு யாராவது என்றால் 'நெட் ஸ்லோ போல' என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. தோண்டத் தோண்ட, பூதம் கிளம்பியது. ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன மென்பொருளுக்குள், முன்பின் தெரியாத ஒருவர் சர்வருக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளக்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 29-ம் தேதி அவர் அதை ஊரறியச் சொன்னார். பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்தும் பதிப்புகளுக்கு அது போய்ச் சேர்வதற்குள் தடுத்துவிட்டார்கள்.

கள்ளக்கதவு எப்படி உள்ளே வந்தது என்பதுதான் இதில் முக்கியம். எக்ஸ்இசட் மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட ஒரே ஒருவர்தான், சம்பளம் இல்லாமல், கிடைத்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முன்போல கவனிக்க முடியவில்லை என்று அவர் 2022-லேயே சொல்லியிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் உதவிக்கு வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக வேலைசெய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் கையில் வாங்கிக்கொண்டார். கள்ளக்கதவு அந்தப் பெயரிலிருந்துதான் வந்தது.

உலகமே நம்பியிருக்கும் ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளப் போதுமான ஆள் இல்லை. ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் பழைய கவலை இது. புதியவர்களை அழைத்துவந்து, பழக்கி, நாளைய பொறுப்பாளர்களாக வளர்க்கும் வேலையைத்தான் பல ஆன்லைன் பட்டறைகள் செய்துவருகின்றன. கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் கட்டாயமில்லை.

உங்கள் பாக்கெட்டிலும் லினக்ஸ்!

'லினக்ஸா, அது எங்கோ இன்ஜினீயர்கள் பயன்படுத்துவது' என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், அதன் அடியில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ் கர்னல்தான். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இருக்கும் அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன.

1991 ஆகஸ்ட்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதன் மூலநிரலை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்துவிட்டார். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான். இன்று 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை கர்னலின் புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றைச் செய்பவர்களில் 200-க்கும் அதிகமானோர் முதல்முறையாகப் பங்களிப்பவர்கள்!

கர்னலில் வேலை செய்யும் பலருக்குப் பெரிய நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. ஆனால், கர்னலைச் சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள்களின் கதை வேறு. எக்ஸ்இசட் போலவே, அவற்றில் பலவற்றை ஒருவரோ இருவரோதான் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டு

ஆர்வத்தோடு வரும் புதியவர்கள் முதல் நாளே திரும்பிப் போவதும் உண்டு. கோடிங் தெரியாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கோடிங் நன்றாகத் தெரிந்தவர்களும் திணறும் இடம் வேறு. மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எந்தப் பிழையைத் தொடுவது, திருத்தியதை யாரிடம் கொடுப்பது, தப்பாகக் கேட்டால் திட்டுவார்களோ... இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரிப் புத்தகத்தில் பதில் இருக்காது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்தவர் கையில் யாரும் சாம்பார் கரண்டியைக் கொடுப்பதில்லை. முதலில் காய்கறிக் குவியல் முன்னால் உட்கார வைப்பார்கள். அங்கே இருந்தபடியே எந்த அண்டாவில் என்ன வேகிறது, யார் சொன்னால் உப்பு போடுவார்கள் என்பதெல்லாம் புரிந்துவிடும். ஓப்பன் சோர்ஸ் பட்டறைகள் செய்வதும் இதையேதான்.

சாட் ரூமில் ஒரு வகுப்பறை

இதற்கு நல்ல உதாரணம், 'உபுண்டு டெவலப்பர் வீக்'. விண்வெளிக்குச் சுற்றுலா போய்வந்த தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த் 2004-ல் தொடங்கிய லினக்ஸ் வகைதான் உபுண்டு. இதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களில் பலர், 'நாங்களும் ஏதாவது செய்யலாமா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக நடத்தப்பட்டதுதான் இந்த ஆன்லைன் வாரம்.

வீடியோ இல்லை, கேமரா இல்லை. எழுத்தால் மட்டுமே பேசும் 'ஐஆர்சி' சாட் ரூம்தான் வகுப்பறை. ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். ஆசிரியர், தினமும் உபுண்டுவில் வேலை செய்யும் டெவலப்பர். அவர் ஓர் அறையில் பாடத்தைத் தட்டச்சு செய்துகொண்டே போவார். மாணவர்கள் பக்கத்து அறையில் பேசிக்கொள்வார்கள். 'கேள்வி' என்று முன்னால் போட்டு எழுதினால், அது ஆசிரியரிடம் போகும். பேசியது அத்தனையும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டதால், தவறவிட்டவர்களும் பிறகு படித்துக்கொள்ளலாம். நெட் வேகம் குறைவான ஊரில் இருப்பவர்களும் ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களும் கலந்துகொள்ள இந்த எழுத்து முறை வசதியாக இருந்தது.

பாடங்கள் செயல்முறை சார்ந்தவை. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு 'விர்ச்சுவல் மெஷின்' உருவாக்கி, அதில் சோதனைப் பதிப்பை நிறுவுவது. ஒரு மென்பொருளின் மூலநிரலை இறக்குவது. அதில் ஒரு 'பக்'கைப் பிடித்துத் திருத்துவது. அந்தத் திருத்தத்தை 'பேட்ச்' ஆக மாற்றி, அனுபவம் உள்ளவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்புவது. அவர் சரிபார்த்த பிறகே அது உபுண்டுவுக்குள் போகும்.

புதியவர்களுக்கு ஏற்ற எளிய பிழைகளுக்குத் தனி முத்திரை குத்தி வைப்பதும் வழக்கம். உபுண்டுவில் அதற்கு 'பைட்சைஸ்' என்று பெயர். ஒரு வாய்க்கு அடங்குகிற அளவு என்று அர்த்தம். 2009-ல் இன்னொரு முயற்சியும் தொடங்கினார்கள். பேப்பர் ஓரம் விரலைக் கீறினால் காயம் சின்னதுதான், எரிச்சல் பெரிது அல்லவா? அதுபோல தினமும் உறுத்தும் 100 சின்னக் குறைகளைத் திருத்தும் அந்தத் திட்டத்துக்கு 'நூறு பேப்பர்கட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இமெயிலில் போகும் பேட்ச்

கர்னலின் உலகம் இன்னும் கொஞ்சம் கண்டிப்பானது. அங்கே திருத்தங்கள் இன்றும் இமெயிலில்தான் போகின்றன. அந்த மெயில் எப்படி இருக்க வேண்டும், தலைப்பில் என்ன எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. இவற்றை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க, லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஓர் இலவச ஆன்லைன் கோர்ஸ் வைத்திருக்கிறது. கர்னலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிப் பார்ப்பதில் தொடங்கி, முதல் பேட்ச்சை அனுப்புவதுவரை அதில் படிப்படியாகக் கற்கலாம்.

ஒவ்வொரு பேட்ச்சின் கீழும் 'இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு' என்று பொறுப்பேற்று ஒரு வரி எழுத வேண்டும். 2004-லிருந்து இருக்கும் நடைமுறை இது. கையெழுத்து போடுவதுபோலத்தான்.

திட்டு விழுமோ என்ற பயமும் கற்பனை அல்ல. கர்னல் குழுவில் காரசாரமான மெயில்கள் ஒரு காலத்தில் சகஜம். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் கடுமையான மெயில்களுக்காக மன்னிப்பு கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்வதற்கான நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன.

பணம் தரும் பயிற்சிகள்

கற்றுக்கொள்ளும் காலத்தில் உதவித்தொகையும் கிடைத்தால்? அதற்கும் வழி இருக்கிறது. கூகுள் 2005-ல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்' அவற்றில் பழையது. முதலில் மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2022 முதல் 18 வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள்.

தொழில்நுட்பத் துறையில் வாய்ப்பு குறைவாகக் கிடைக்கும் பிரிவினருக்கானது 'அவுட்ரீச்சி'. பெண்களை அழைத்துவருவதற்காக 2006-ல் க்னோம் குழு எடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்த திட்டம் இது. மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை, வழிகாட்ட ஒரு மென்டார், 7,000 டாலர் உதவித்தொகை. விண்ணப்பக் காலத்திலேயே ஒரு சின்னப் பங்களிப்பைச் செய்துகாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் இதுபோல ஒரு மென்டார்ஷிப் திட்டம் நடத்துகிறது.

டி-ஷர்ட்டுக்காக வந்த கூட்டம்

எல்லோரையும் அழைத்தால் மட்டும் போதுமா? 2020 அக்டோபரில் அதற்குப் பதில் கிடைத்தது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் நடத்தும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' விழாவில், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் இலவச டி-ஷர்ட் என்று அப்போது அறிவித்திருந்தார்கள். அவ்வளவுதான்! அறிமுகப் பக்கத்தில் ஒரு வார்த்தையை மட்டும் சேர்த்து, 'திருத்தம்' என்று ஆயிரக்கணக்கில் அனுப்பிக் குவித்தார்கள். ஏற்கெனவே நேரமில்லாமல் தவிக்கும் பராமரிப்பாளர்களுக்கு அவற்றை நிராகரிப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. கடைசியில், விருப்பம் தெரிவிக்கும் புராஜெக்ட்டுகள் மட்டுமே பங்கேற்கலாம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

பயிற்சி இல்லாத உற்சாகம் சுமையாகிவிடும் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் நல்ல பட்டறைகள் 'எப்படித் திருத்துவது' என்பதோடு, 'இந்தத் திருத்தம் யாருக்குப் பயன்படும்' என்று யோசிக்கவும் கற்றுக்கொடுக்கின்றன. அடுத்தவர் அனுப்பிய பேட்ச்சைப் படித்துச் சரிபார்க்கவும் பழக்குகின்றன. பார்க்கும் கண்கள் அதிகமானால், கள்ளக்கதவு வைப்பவருக்கு வேலை கடினம்.

தமிழிலும் கதவு திறந்திருக்கிறது

ஆங்கிலம்தான் தடை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. லினக்ஸ், பைத்தான் போன்றவற்றுக்குத் தமிழில் இலவச மின்னூல்களும் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் டெபியன் லினக்ஸ் ஆர்வலர்களின் 'மினி டெப்கான்ஃப்' விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சிக்கு வந்தது.

கோடிங் பக்கமே போகாமல் பங்களிக்கவும் வழி உண்டு. க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் குழுக்கள் இருக்கின்றன. மெனுவில் வரும் ஒரு சொல்லை நம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புரிகிற தமிழில் மாற்றுவதும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் செய்யும் பங்களிப்புதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

* வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் உபுண்டு, டெபியன், ஃபெடோரா என ஏதாவது ஒரு லினக்ஸை நிறுவி, ஒரு மாதம் தினமும் பயன்படுத்துங்கள். நிறுவும் முன் உங்கள் ஃபைல்களை பேக்கப் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

* உங்களை எரிச்சலூட்டும் ஒரு குறையைக் குறித்துவையுங்கள். அதை ஏற்கெனவே யாராவது புகாராகப் பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லை என்றால் தெளிவாகப் பதியுங்கள். அதுவே முதல் பங்களிப்பு.

* மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' என்ற கருவியின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் அது தேவைப்படும்.

* புதியவர்களுக்கு என்று முத்திரை குத்தப்பட்ட பிழைகளைத் தேடுங்கள். டெபியனில் 'நியூகமர்', உபுண்டுவில் 'பைட்சைஸ்' என்று இருக்கும்.

* கேள்வி கேட்கும்போது என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

* முதல் பேட்ச் திருப்பி அனுப்பப்பட்டால் மனம் தளராதீர்கள். மூன்றாவது, நான்காவது முயற்சியில் ஏற்கப்படுவது அங்கே சாதாரணம்.

பத்தாம் வகுப்பு மாணவிக்கும் பணி ஓய்வு பெற்ற வாத்தியாருக்கும் இங்கே ஒரே மரியாதைதான். அனுப்புவது ஒற்றை எழுத்துப்பிழைத் திருத்தமாக இருந்தாலும், ஏற்கப்பட்டுவிட்டால் உங்கள் பெயரும் தேதியும் அந்த மென்பொருளின் மாற்றப் பட்டியலில் பதிவாகிவிடும். அடுத்த அப்டேட்டில் அந்தத் திருத்தம், நீங்கள் பார்த்தே இராத ஊர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேரும்.