இடம் ஒன்று, பொருள் இரண்டு

ஓர் உறையில் இரண்டு வாள் இருக்க முடியாது என்பர். காரின் பானெட்டைத் திறந்து, அங்குள்ள சிறிய இடத்தில் அத்தகைய இரண்டு வாள்களைச் செருக முயலும் நண்பர்கள் நம் மாணவரிடையே உளர். ஒன்று, ஸ்ட்ரட் பார். மற்றொன்று, காருடன் வந்த காற்றுப் பெட்டியை நீக்கிவிட்டுக் கடையில் வாங்கிப் பொருத்தும் இன்டேக் குழாய். முன்னது வளைவுகளில் காரை உறுதியாக நிற்கச் செய்யும் என்றும், பின்னது எஞ்சினுக்கு வலுவூட்டும் என்றும் விற்பவர் கூறுவர். இரண்டையும் ஒருங்கே பொருத்தலாமா? பொருத்தினால் நன்மை யாது, கேடு யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூரில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு இவ்வாசை எழுவது இயல்பே. நம்மில் பலருக்கு ஊர் செல்லும் வழி மலைவழி. சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்குவோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றனர். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே உதகைக்கு ஏறுவோர் 36 வளைவுகளைக் காண்கின்றனர். ஊரிலேயே இருப்போர்க்குச் சாமுண்டி மலைச் சாலை இருக்கவே இருக்கிறது. மேலும், ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை இயங்கியது இந்நகரின் யாதவகிரியிலேதான். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

தூணும் தண்டும்

முதலில் ஸ்ட்ரட் என்பது யாது எனக் காண்போம். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக இணைத்து, அத்தூணின் அடியைச் சக்கரத்தோடும் தலையைக் காரின் உடலோடும் பூட்டும் அமைப்பே அது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் இதனை வகுத்தார். 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் கார் இதனை ஏற்றது. நம் நாட்டில் அம்பாசடர், பத்மினி ஆகிய கார்களில் இவ்வமைப்பு இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின்னரே இது வீட்டுக்கு வீடு பரவியது. இன்று நாம் காணும் சிறு கார்களின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் இதுவே உள்ளது.

தூணின் தலை வந்து முட்டும் இடத்தை ஸ்ட்ரட் டவர் என்பர். பானெட்டைத் திறந்தால் இடமும் வலமும் வட்டமாக மேடிட்டிருக்கும் இரண்டு பகுதிகள் அவைதாம். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியான சுமையைத் தாங்குகின்றது. அச்சுமை தூண் வழியே ஏறி, டவரைப் பக்கவாட்டில் அசைக்க முயல்கின்றது. இரும்புத் தகடாயினும் சிறிது வளையாமல் இராது. டவர் நகர்ந்தால் தூண் சாயும். தூண் சாய்ந்தால் டயர் தரையில் பதியும் கோணமும் மாறும். இரு டவர்களையும் ஒரு குறுக்குத் தண்டால் இணைத்துவிட்டால், அவற்றிற்கு இடையேயுள்ள தொலைவு மாறாது. ஒன்றின் சுமையை மற்றொன்றும் பகிர்ந்துகொள்ளும். இதுவே ஸ்ட்ரட் பாரின் வேலை.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இரு டவர்களும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால் இத்தண்டு அதனைத் தடுப்பதில்லை; அவற்றோடு தானும் நகரும். அதனையும் தடுக்க வேண்டுமாயின், எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையேயுள்ள சுவரோடும் தண்டைப் பிணைக்க வேண்டும். மேலும், உடல் முன்னமே திண்மையாக அமைந்த புதிய கார்களில் இதன் பயன் மிகச் சிறிது. தளர்ந்த பழைய கார்களிலும் பந்தயத் தளங்களிலும்தான் வேறுபாடு கைக்குத் தெரியும். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தளத்தில் சுற்றுக்குச் சுற்று டயரை அதன் எல்லைவரை விரட்டுவோர்க்கு இது பொருளுடையது. சந்தைக்குச் சென்று திரும்புவோர்க்கு அன்று.

எஞ்சினின் மூச்சு

இனி, இன்டேக். எஞ்சினுக்கு மூச்சு காற்று. குளிர்ந்த காற்று அடர்ந்தது; சூடான காற்று மெலிந்தது. 30 பாகை செல்சியஸிலுள்ள காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகின்றது. அடர்த்தி குறைந்தால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் எரிபொருளும் குறைவாகவே எரியும்.

மலைநாட்டாராகிய நமக்கு இது மேலும் முக்கியம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரில் காற்று சுமார் 7 விழுக்காடு மெலிந்தது. 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உதகையில் சுமார் 20 விழுக்காடு மெலிந்தது. இயற்கையே இவ்வளவு பறித்துக்கொண்ட பின், எஞ்சின் அறையின் வெப்பத்தால் நாமும் கொஞ்சம் பறிப்பது அறிவுடைமையாகுமா?

காருடன் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை நாம் இகழ்கின்றோம். ஆனால் பல கார்களில் அப்பெட்டியின் வாய், முன்புற வலையின் பின்னே, வெளிக்காற்று படும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்கு அருகே கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால் ஓசை பெருகும். அவ்வோசையையே வலுவென்று மயங்குவோர் பலர். உள்ளே செல்வதோ வெந்த காற்று!

விட்டுக்கொடுத்தால் இரண்டும் வீண்

இப்பொழுது சிக்கலின் கருவுக்கு வருகின்றோம். தண்டு டவருக்கு டவர் குறுக்கே செல்ல வேண்டும். குழாயோ எஞ்சினிலிருந்து ஃபில்டருக்குச் செல்ல வேண்டும். பல கார்களில் இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டாக வேண்டும்.

தண்டு வழிவிட்டால் என்ன ஆகும்? அதை மேலே வளைத்தோ பக்கவாட்டில் வளைத்தோ செய்வர். நேரான கோலை இரு முனைகளிலும் அழுத்திப் பாருங்கள்; அது எதிர்த்து நிற்கும். வளைந்த வில்லை அவ்வாறே அழுத்திப் பாருங்கள். அது மேலும் வளையும். தண்டின் பயன் அதன் நேர்மையில் உள்ளது. அதனை வளைக்க வளைக்க, அது தாங்கும் தண்டு என்ற நிலையிலிருந்து அலங்காரப் பொருளாகின்றது.

குழாய் வழிவிட்டால் என்ன ஆகும்? அதை நெரித்துச் சிறிதாக்குவர். அல்லது ஃபில்டரைக் கீழே இறக்குவர். நெரித்தால் காற்றோட்டம் தடைப்படும். எஞ்சினை ஒட்டி இறக்கினால் வெப்பம். பம்பரின் அடிவரை இறக்கினால், மழைநாளில் தேங்கிய நீரை எஞ்சின் குடிக்கும் அபாயம். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் அது அமுங்குவதில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆக, வழிவிடும் பொருள் எதுவோ அது தன் பயனை இழக்கின்றது. இரண்டும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்தால், இரண்டும் இழக்கின்றன. பணம் மட்டும் இரட்டிப்பாகச் செலவாகின்றது. இவ்வுண்மையை விளம்பரங்கள் நமக்குச் சொல்வதில்லை.

அசையாததும் அசைவதும்

மைசூரில் நண்பர் ஒருவரின் பழைய காரில் இவ்விரண்டையும் பொருத்தியபோது நான் உடனிருந்தேன். வேலை செய்த பட்டறையில், “சந்து இருக்கிறது தம்பி, முட்டாது” என்றார்கள். உண்மைதான், தண்டுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. ஆனால் அப்பொழுது எஞ்சின் ஓடவில்லை.

ஸ்ட்ரட் பார் காரின் உடலோடு பூட்டப்பட்டது, அது அசையாது. இன்டேக் குழாயின் ஒரு முனையோ எஞ்சினோடு பூட்டப்பட்டது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கின்றது. முடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் அது முன்னும் பின்னும் ஆடும். தாங்கிகள் தேய்ந்த பழைய காரில் ஆட்டம் இன்னும் மிகுதி. நின்ற காரில் அளந்த சந்தை நம்பலாகாது என்பது இதனால் விளங்கும்.

நாங்கள் ஓர் எளிய சோதனை செய்தோம். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை உருட்டி, தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஓர் உருண்டையும், தண்டின் மேல் மற்றோர் உருண்டையும் வைத்தோம். பானெட்டை மூடி, சாமுண்டி மலைச் சாலையில் ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கினோம். திறந்து பார்த்தால், நடுவிலிருந்த களிமண் அப்பளம்போல் தட்டையாகியிருந்தது. மேலே இருந்தது ஒரு விரற்கடை கனத்தோடு நின்றது. அதாவது பானெட்டுக்குக் கவலையில்லை, குழாய்க்குத்தான் கவலை.

இது சிறு குறைதானே என எண்ண வேண்டா. நாள்தோறும் உராய்ந்தால் குழாய் ஓட்டையாகும். அல்லது கிளாம்ப் நழுவி மூட்டு கழன்றுவிடும். அப்பொழுது ஃபில்டரைக் கடவாத புழுதிக்காற்று நேரே சிலிண்டருக்குள் செல்லும். ஓரிரு ஆயிரம் மிச்சப்படுத்தியவர் எஞ்சினையே பிரிக்க நேரிடும். நண்பர் அன்றே கூம்பு ஃபில்டரைக் கழற்றினார். பழைய பெட்டியையே மீண்டும் வைத்து, அதற்குள் புதிய ஃபில்டர் தட்டை மட்டும் மாற்றினார். அப்பெட்டியின் குழாய் தண்டுக்குக் கீழே தாழ்ந்து சென்றதால், தண்டு நேராகவே தங்கிவிட்டது.

பொருத்துவோர் கவனத்திற்கு

இரண்டும் வேண்டும் என உறுதி கொண்டோர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

ஒன்று: முதலில் தண்டை, வளைவற்ற நேர்தண்டாகத் தேர்ந்து பொருத்துக. பின்னர் எஞ்சியுள்ள இடத்தில் குழாயின் வழியை வகுத்துக்கொள்க. ஃபில்டரை எஞ்சின் வெப்பத்திலிருந்து ஒரு தகட்டால் மறைத்து, வெளிக்காற்று எட்டும் இடத்தில் வைக்க.

இரண்டு: கார் சமதரையில், தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போதே தண்டைப் பொருத்துக; ஜாக்கியில் தூக்கி வைத்துச் செய்யற்க. டவரைச் சுற்றியுள்ள சிறு நட்டுகளை மட்டுமே கழற்றுக. நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுவே. அது விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. நட்டுகளைக் கார் நிறுவனத்தின் கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குக.

மூன்று: உலோகத் தண்டு பாட்டரி முனைக்கு அருகே செல்லுமாயின், அம்முனையை ரப்பர் மூடியால் நன்கு மூடுக.

நான்கு: சில கார்களில் குழாயின் நடுவே காற்றை அளக்கும் சென்சார் உண்டு. அது அமரும் பகுதியின் விட்டம் பழைய குழாயில் இருந்தவாறே இருத்தல் வேண்டும். மாறினால் கணக்கு பிழையாகும். எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அதுவும் சென்சாரில் படியும்.

ஐந்து: மேலே கூறிய களிமண் சோதனையைச் செய்யாமல் நெடும்பயணம் மேற்கொள்ளற்க.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. ஆதலின் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்னரே கேட்டறிந்து செய்வதே நன்று.

நண்பர்களே! திம்பத்தின் வளைவுகளில் நம்மைக் காப்பவை எவை? நல்ல டயர்கள், தேயாத பிரேக் பேடுகள், எண்ணெய் கசியாத ஷாக் அப்சார்பர்கள், இவற்றுக்கெல்லாம் மேலாக, இறக்கத்தில் கீழ் கியரைப் பிடிக்கும் பொறுமை. கையிலுள்ள பணத்தை முதலில் இவற்றிற்குச் செலவிடுக. மிஞ்சினால் தண்டோ குழாயோ, உங்கள் காருக்கு எது தேவை என ஆராய்ந்து ஒன்றை வாங்குக. இரண்டுக்கும் இடமுண்டு எனக் களிமண் சான்று கூறினால் மட்டுமே இரண்டையும் வைத்துக்கொள்க.